உடப்புக் கரையில் ஓர் உடம்பியல் பாடம்

உடம்பின் அதிசயத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால், அவரை எந்த ஆய்வுகூடத்துக்கும் அனுப்ப மாட்டேன். விடியற்காலையில் உடப்புக்குக் கூட்டிக்கொண்டு போவேன். சிலாபத்துக்கு வடக்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக நீண்டு கிடக்கும் தமிழ் ஊர் அது. திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பால் அந்த ஊரின் பெயரை அறிந்தவர்கள் பலர். அதற்குச் சற்றும் குறையாத அற்புதம் ஒன்று, கரைவலைக் காலத்தில் அங்கே காலைதோறும் நடக்கிறது!

வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போகும். அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டே வளைந்து வந்து, மறு கயிற்றைத் தள்ளி இன்னோர் இடத்தில் கரைசேர்க்கும். அதன்பிறகு எல்லாம் ஆட்களின் கையில்தான். இரண்டு கயிறு, இரண்டு அணி. இழுக்க இழுக்க இரண்டு அணியும் ஒன்றையொன்று நெருங்கிவர, நடுவில் மீனோடு மடி கரையை நோக்கி வரும். வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் அனுமதி கேட்டு நானும் கயிற்றைப் பிடித்தேன். அப்பப்பா, என்ன கனம்! கடல் முழுவதுமே மறுமுனையில் நின்று இழுப்பது போலிருந்தது.

பள்ளிக்கூடத்தில் உடம்பை நாம் தொகுதி தொகுதியாகப் படித்தோம். இந்தத் தவணை சமிபாட்டுத் தொகுதி, அடுத்த தவணை சுவாசத் தொகுதி. அப்படிப் படிப்பதில் பிழையில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் 1872-இலேயே ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று உடற்கூற்றியலுக்குத் தமிழில் ஒரு பெருநூலே வெளியிட்டார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் கயிற்றைப் பிடித்த கணத்தில் அத்தனை பாடங்களும் ஒரே நேரத்தில் உயிர்பெற்று எழுந்ததை நான் வேறெங்கும் அனுபவித்ததில்லை.

முதலில் கால். ஈர மணலில் கால்விரல்கள் புதைகின்றன, மணல் சரிகிறது, உடம்பு சாய்கிறது. விழுந்துவிடுவோம் என்று நினைப்பதற்குள் உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. உள்ளங்காலிலிருந்து கிளம்பும் சேதி முள்ளந்தண்டு வழியாக மூளைக்கு ஏற, ஒரு வினாடியில் மிகச் சிறு பங்கு நேரம் போதும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புகள் சாய்வை அளந்து சொல்கின்றன. மூளை கணக்குப் பார்த்துத் தசைகளுக்குக் கட்டளையைத் திருத்துகிறது. 206 எலும்புகளும் அறுநூறுக்கு மேற்பட்ட தசைகளும் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்கின்றன. நமக்கு எதுவுமே தெரிவதில்லை. நாம் பாட்டுக்குக் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கிறோம்!

பாட்டு என்றதும் அம்பாவைச் சொல்லாமல் இருக்க முடியுமா? உடப்பில் கரைவலையோடு பிறந்தது அம்பாப் பாடல். ஒருவர் முன்பாட்டுப் பாட, மற்றவர்கள் வாங்கிப் பாட, அந்தத் தாளத்தில் கயிறு வரும். களைப்புத் தெரியாமல் இருக்கத்தான் பாடுகிறார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதற்குள்ளே சுவாசத் தொகுதியின் மிக அழகான இரகசியம் ஒன்று ஒளிந்திருக்கிறது. இதயத்தை நிறுத்து என்றால் நிற்காது. ஈரலை வேகமாக வேலைசெய் என்றால் கேட்காது. மூச்சோ தானாகவும் நடக்கும், நாம் சொன்னாலும் கேட்கும். அம்பா பிடித்திருப்பது அந்த ஒரு கடிவாளத்தைத்தான். குரல் எழும்போது மூச்சு வெளியே போகிறது. அதே வேளையில் இழுவை விழுகிறது. அடுத்தவர் பாடும்போது பிரிமென்றகடு கீழிறங்கி, சுவாசப்பை நிறைகிறது.

அம்பா இல்லாமல் இழுத்தால் என்ன ஆகும்? பழக்கமில்லாதவர் பாரத்தை இழுக்கும்போது தொண்டையை அடைத்து மூச்சைப் பிடித்துக்கொள்வார். நெஞ்சுக்குள் அமுக்கம் ஏறும், குருதியமுக்கம் குப்பென்று உயரும், தலை கிறுகிறுக்கும். பாடுகிற வாய் தொண்டையை அடைக்க விடாது. சும்மா இருக்கையில் நிமிடத்துக்கு ஆறேழு லீற்றர் காற்றோடு திருப்திப்படுகிற சுவாசப்பை, கடும் வேலையில் நூறு லீற்றர் வரைகூடக் கேட்கும். கோடிக்கணக்கான சிற்றறைகளின் மெல்லிய சுவர்களைத் தாண்டி ஒட்சிசன் குருதிக்குள் பாய்கிறது. இத்தனையையும் ஒரு பாட்டின் தாளத்துக்குள் அடக்கிவைத்த முன்னோரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இனி என்னை மெய்சிலிர்க்க வைத்த காட்சிக்கு வருகிறேன். இளைப்பாற நின்ற இடத்தில் ஒரு இளைஞரின் முன்கையைப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து மேலே நாளங்கள் புடைத்து நின்றன. நடுநடுவே சின்னச் சின்ன முடிச்சுகள்.

“தம்பி, கையை ஒருக்காக் காட்டுவீங்களா?”

“என்ன சேர், நாடி பாக்கிறீங்களா?” என்று சிரித்துக்கொண்டே நீட்டினார்.

ஒரு நாளத்தின் கீழ்ப்பக்கத்தை விரலால் அமத்தினேன். மற்ற விரலால் அங்கிருந்து மேல்நோக்கி, அடுத்த முடிச்சைத் தாண்டும்வரை வழித்துவிட்டேன். இரண்டுக்கும் இடையிலிருந்த பகுதி வெறுமையாகித் தட்டையாயிற்று. மேலே குருதி நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் ஒரு துளி கீழே திரும்பவில்லை! அமத்திய விரலை எடுத்தேன். கீழிருந்து சட்டென்று நிறைந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் கைகளில் செய்து பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

வில்லியம் ஹார்வி 1628-இல் வெளியிட்ட நூலில் படம் போட்டுக் காட்டிய அதே பரிசோதனைதான் இது. அந்த முடிச்சுகள் வால்வுகள். குருதியை இதயத்தின் பக்கம் மட்டுமே போகவிடும் ஒருவழிக் கதவுகள். இதயம் அரைமணி நேரத்தில் வெளியே தள்ளும் குருதியைக் கணக்குப் பார்த்தால், அது உடம்பில் உள்ள மொத்தக் குருதியையும் மிஞ்சிவிடுகிறது. ஆகவே அதே குருதிதான் சுற்றிச் சுற்றி வரவேண்டும் என்று ஹார்வி வாதாடினார். உடம்பில் இருப்பது ஏறத்தாழ ஐந்து லீற்றர். சும்மா இருக்கும்போதே இதயம் நிமிடத்துக்கு ஐந்து லீற்றர் தள்ளுகிறது. கயிறு இழுக்கும்போது அது இருபதைத் தாண்டலாம். அந்தக் குருதியைக் காலிலிருந்து மேலே ஏற்றுவதில் கெண்டைக்காலுக்கும் பெரும் பங்கு உண்டு. ஒவ்வொரு அடியிலும் கெண்டைக்கால் தசை நாளங்களைப் பிழிகிறது. வால்வுகள் குருதியைக் கீழே விழவிடுவதில்லை. பின்னோக்கி நடந்து நடந்து இழுக்கும் அந்த வரிசையைப் பார்க்கும்போது, ஒவ்வொருவரிடமும் இதயத்துக்குத் துணையாக இரண்டு கெண்டைக்கால்கள் வேலைசெய்வது கண்ணுக்குத் தெரிந்தது. என்ன ஏற்பாடு இது!

வெயில் ஏறியதும் தோல் தன் வேலையைத் தொடங்கியது. தசை செலவழிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குதான் இழுவையாகிறது, மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற இருபது முதல் நாற்பது இலட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. சட்டை நனைந்து, காற்றில் காய்ந்து, முதுகில் வெள்ளைக் கோடாக உப்புப் பூத்தது. பாலாவி உப்பளங்களில் கடல்நீரைக் காயவைத்து எடுக்கும் அதே உப்பு! நரம்பில் சேதி ஓடுவதற்கும் இதயம் துடிப்பதற்கும் அதில் உள்ள சோடியம் வேண்டும். அது குறையாமலும் மிகாமலும் பார்த்துக்கொள்பவை சிறுநீரகங்கள். நாளொன்றுக்கு 180 லீற்றர் வடித்து, ஒன்றரை லீற்றர் அளவில் மட்டும் வெளியே விட்டு, மற்றதைத் திருப்பி எடுத்துக்கொள்கின்றன. வியர்த்துக் கொட்டும் நாளில் கபச்சுரப்பியிலிருந்து ஓமோன் வந்து, நீரை இன்னும் இறுக்கிப் பிடி என்கிறது.

மடி கரையேறியது. சாளையும் சூடையும் காரலும் வெள்ளியாகத் துள்ள, பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். இழுக்கும்போது தோன்றாத பசி அப்போதுதான் வயிற்றைக் கிள்ளியது. அதுவும் உடம்பின் கெட்டித்தனம்தான். கடும் வேலையில் அதிரினலின் ஏறி, குடலுக்குப் போகும் குருதியைக் குறைத்துத் தசைக்குத் திருப்பிவிடுகிறது. ஈரல் தன்னிடம் சேர்த்துவைத்த கிளைக்கோசனைக் குளுக்கோசாக்கிக் கொடுத்துச் சமாளிக்கிறது. வேலை முடிந்ததும் குடல் தன் பங்கைத் திரும்பக் கேட்கிறது. வாடியில் கொதித்த மீன் ஆணத்தைச் சோற்றில் விட்டுச் சாப்பிட்டேன். அப்படி ஒரு உருசியை வேறெந்தச் சாப்பாட்டிலும் நான் கண்டதில்லை.

அண்மைக் காலத்தில் பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் கயிற்றை இழுக்கத் தொடங்கியது. முதுகு தேய்ந்த மனிதர்களுக்கு அது பெரிய ஆறுதல். அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் வின்ச் சுழலும் இடத்தில் அம்பா எழுவதில்லை. ஆகவே கையால் இழுக்கும் வலை இன்னும் இருக்கும்போதே உங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், குறிப்பாக உயிரியல் படிக்கிற பிள்ளைகளை. தென்மேல் பருவக்காற்றில் இந்தக் கடல் கொந்தளிக்கும்; ஐப்பசி கழிந்து பங்குனி வரையிலான மாதங்கள்தான் நல்லவை. விடியமுன்னமே போய்ச் சேருங்கள். சம்மாட்டியிடம் மரியாதையாகக் கேட்டுவிட்டுக் கயிற்றின் கடைசியில் நில்லுங்கள். முன்பாட்டுக்காரர் குரலெடுத்ததும் நீங்களும் வாய்விட்டுப் பாடுங்கள். மூச்சை மட்டும் அடக்காதீர்கள்.