பிழையை எண்ணுவதா, உதவியை எண்ணுவதா?

அயல்மொழி கற்கும் ஒருவரின் திறமையைக் கணிக்க நாம் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் முறை எளியது. அவரைத் தனியே அமரவைத்து ஒரு தாளைக் கொடுக்கிறோம், பிழைகளை எண்ணுகிறோம், மதிப்பெண் இடுகிறோம். அந்த எண்ணைக் கொண்டே, 'இவனுக்கு ஆங்கிலம் வராது' என்று பிள்ளையின் தலையில் எழுதியும் விடுகிறோம். இரண்டாம் மொழி வளர்ச்சியை ஆராய்வோருள் ஒரு சாரார் இம்முறையின் அடித்தளத்தையே மறுத்துள்ளனர். சமூகப் பண்பாட்டு நோக்கினர் எனப்படும் அவர்களின் ஆராய்ச்சியைப் பாராட்டவும், அதில் காணும் ஒரு குறையைச் சுட்டவும் விரும்புகிறோம்.

இந்நோக்கின் மூலவர், 1934இல் தமது 37ஆம் வயதிலேயே காசநோயால் மறைந்த சோவியத் உளவியல் அறிஞர் வைகாட்ஸ்கி. தேர்வில் 8 வயதுக்குரிய அறிவுநிலை காட்டும் இரு சிறுவரை அவர் எடுத்துக்காட்டாகக் கூறுவார். சிறிது உதவி கிடைத்ததும் ஒருவன் 12 வயதுக்குரிய கணக்கையும் செய்துவிடுகிறான். மற்றவனோ 9 வயதுக்குரியதோடு நின்றுவிடுகிறான். அப்படியாயின் இருவரும் சமமானவர்களா? தனித்துச் செய்ய இயல்வதற்கும் துணையோடு செய்ய இயல்வதற்கும் இடைப்பட்ட வெளியை அவர் அண்மை வளர்ச்சி மண்டலம் என்றார்.

இக்கருத்தை மொழிக் கல்விக்குள் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கப் பேராசிரியர் லான்டால்ஃப். அவரும் அல்ஜாஃப்ரேயும் 1994இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு மைல்கல். ஆங்கிலம் பயின்ற மூவர் தாம் எழுதிய கட்டுரைகளுடன் ஆசிரியர் ஒருவரிடம் தனித்தனியே அமர்கின்றனர். ஆசிரியர் எடுத்த எடுப்பில் திருத்திவிடுவதில்லை. முதலில் மாணவரே பிழையைத் தேடுகிறார். இயலாதபோது, பிழையுள்ள வாக்கியத்தை மீண்டும் படிக்கச் சொல்கிறார். பின்னர்ப் பிழையின் தன்மையைக் குறிப்பாகச் சொல்கிறார். அதுவும் பயன்படாதபோதுதான் சரியான வடிவம், விளக்கம், எடுத்துக்காட்டு. இந்த உதவிகளை 0 முதல் 12 வரை படிகளாக வகுத்துள்ளனர். பிள்ளை தவறாக ஓதியவுடன் திருத்தாமல், சற்றே நிறுத்தி முகம் பார்க்கும் ஆலிம்சாக்களை அறிந்தவர்களுக்கு இது முற்றிலும் புதிதாகத் தோன்றாது!

இவ்வாய்வின் பேறு யாதெனில், தாளில் ஒரே பிழை செய்த இருவர் இப்போது வேறுவேறாகத் தெரிகின்றனர். ஒருவருக்கு ஒரு குறிப்பே போதுமாக இருக்கிறது; மற்றவருக்கு முழு விளக்கமும் தேவைப்படுகிறது. சென்ற வாரம் விளக்கம் வேண்டியவர் இந்த வாரம் குறிப்போடு திருந்தினால், பிழை இன்னும் தாளில் இருப்பினும் வளர்ச்சி நிகழ்ந்திருக்கிறது என்றே கொள்ளவேண்டும். மதிப்பெண் காணாத வளர்ச்சி இது. பின்னர் 2000இல் நஸாஜியும் ஸ்வெய்னும், கொரிய மொழியினர் இருவருள் ஒருவருக்கு நிலையறிந்த உதவியும் மற்றவருக்கு நிலையறியாத உதவியும் தந்து பார்த்தனர். நிலையறிந்த உதவியே மிகுந்த பயன் தந்தது. இருவரையும் மூவரையும் கொண்டு பொதுவிதி காண்பதா என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. எனினும், இவர்கள் தேடியது சராசரியை அன்று, ஒரு மனத்தில் மொழி வளரும் வரலாற்றை என்பதால் நாம் அதைப் பெருங்குறையாகக் கொள்ளவில்லை.

நமது குறை வேறு. சமூகம், பண்பாடு என்று பெயர் சூட்டிக்கொண்ட ஓர் ஆராய்ச்சி, ஓர் ஆசிரியரும் ஒரு மாணவரும் அமர்ந்த அறைக்குள்ளேயே சமூகத்தை அடக்கிவிடலாமா? அந்த ஆசிரியர் உதவுவதற்கென்றே அமர்ந்திருப்பவர். உலகம் அப்படிப்பட்டதன்று. அறையை விட்டு வெளியேறியபின் அம்மாணவரோடு யார் பேசினர், யார் முகம் திருப்பினர் என்பதைப் பதிய அந்த அளவுகோலில் இடமில்லை.

போனி நார்ட்டனின் ஆய்வு இங்குதான் இன்றியமையாததாகிறது. கனடாவில் குடியேறிய ஐந்து பெண்களை நாட்குறிப்பு எழுதச் செய்து அவர் திரட்டிய செய்திகள் 1995இல் கட்டுரையாகவும் 2000இல் நூலாகவும் வந்தன. உணவகத்தில் வேலை செய்த ஈவா (ஆய்வில் இடப்பட்ட பெயர்) ஆங்கிலம் பேச ஏங்கியவர். ஆனால் உடன் வேலை செய்தோர் கடினமான வேலைகளை அவர்மீது சுமத்தினரேயன்றிப் பேச்சில் சேர்த்துக்கொள்ளவில்லை. அவரது மௌனத்தை ஊக்கக் குறைவு என்று எழுதுவது எத்துணை அநீதி! மற்றொருவர் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த மார்ட்டினா. ஒப்பந்தத்தை முறித்ததாகக் கூறி ஆண்டு முழுமைக்கும் வாடகை கேட்ட வீட்டுக்காரரோடு, தமது குறைபட்ட ஆங்கிலத்திலேயே தொலைபேசியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வாதாடினார். பிள்ளைகளைக் காக்கவேண்டிய தாய் என்ற நிலை அவருக்கு நாவைத் தந்தது என்கிறார் நார்ட்டன்.

நார்ட்டனிடமும் விடுபடுவது உண்டு. பேசும் உரிமை எவ்வாறு பெறப்படுகிறது என்பதைத் தெளிவுறக் காட்டும் அவர், அப்பேச்சினால் இலக்கணம் எப்படித் திருந்தியது என்பதை லான்டால்ஃபைப் போல் படிப்படியாகக் காட்டுவதில்லை. ஆகவே இவ்விருவரையும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்பதே நமது கருத்து. மார்ட்டினாவின் தொலைபேசி வாதம் 0 முதல் 12 வரையுள்ள படிகளில் எந்தப் படியில் நிற்கும்? அருகில் உதவுவார் எவருமில்லை; மறுமுனையில் இருந்தவரோ உதவ விரும்பாதவர். அந்த வீட்டுக்காரரின் பேச்சையும் தன் பதிவேட்டில் ஏற்றும் ஆராய்ச்சிக்கே 'சமூகப் பண்பாட்டு' என்னும் அடைமொழி முழுமையாகப் பொருந்தும்.