ஏடும் திரையும்

திரைப்படம் பொழுதுபோக்கு, இலக்கியம் கல்வி என்று இரண்டையும் வேலியிட்டுப் பிரித்து வைப்பது ஆசிரியராகிய எம்மிடையே நெடுங்காலமாய் நிலவும் வழக்கம். வகுப்பிலே படக்கதை பேசும் மாணவனைக் கடிந்துகொள்வோம், யானும் கடிந்தவனே. ஆயினும், நல்ல நெறியாளர் சிலரின் ஆக்கங்களை ஊன்றி நோக்குமிடத்து, அவற்றின் வேர் ஏடுகளிலே ஓடிக் கிடப்பதைக் காணலாம். சிறந்த இலக்கியமும் வரலாறும் கற்ற கலைஞன் அவற்றிலிருந்து பெறுவது யாது? கதை எனின், அது தெருவிலும் கிடைக்கும். எதனைக் காட்டுவது, எதனைக் காட்டாது விடுவது என்னும் தெளிவையே அவன் பெறுகின்றான் என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதற் சான்று நம் நாட்டிலேயே உண்டு. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் (1919–2018) ஆங்கிலமே வீட்டு மொழியாய் வழங்கிய கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். சிங்களக் கிராமத்தைப் பிறப்பால் அறிந்தவர் அல்லர். 1956இல் அவர் ஆக்கிய 'ரேகாவ' கமராவைக் கலையகத்திலிருந்து வெளியே கொணர்ந்தது. எனினும், அவர் கலை முதிர்ந்தது மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' என்ற நாவலை 1963இல் திரையில் வடித்தபோதேயாகும். தென்னிலங்கைக் கிராமத்துப் பெருங்குடி ஒன்று தேய, புதிய வணிக வகுப்பொன்று எழுவதே அந்நாவலின் பொருள். இம்மாற்றம் ஒரே நாளில் இடிமுழக்கத்தோடு நிகழ்வதன்று. சுவரில் ஈரம் ஏறுவது போல மெல்ல நிகழ்வது. நாவலை நன்கு படித்த நெறியாளர் அந்த மெதுநடையைப் படத்துக்கும் கொடுத்தார். அக்காலப் படங்களுக்கு உயிர்நாடி எனக் கருதப்பட்ட ஆடல்பாடல்களை அறவே நீக்கினார். சொல்ல வேண்டியவற்றுட் பலவற்றை வீட்டின் மௌனத்துக்கு விட்டார். 1965இல் புதுடில்லித் திரைப்பட விழாவிலே அப்படம் தங்கமயில் விருது பெற்றது. ஏட்டிலே கற்ற அடக்கத்துக்குக் கிடைத்த மதிப்பு அது எனலாம்.

இலக்கியம் அடக்கம் தருமாயின், வரலாறு தருவது உரைகல். சத்தியஜித் ராய் 1977இல் ஆக்கிய 'சத்ரஞ்ச் கே கிலாடி' பிரேம்சந்தின் சிறுகதையைத் தழுவியது. நாடு பறிபோகும் வேளையிலும் சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்கும் இரு பிரபுக்கள், முடிவில் ஆட்டத்தை முன்னிட்டுச் சினந்து ஒருவரையொருவர் வெட்டி மாய்வர் என்பது மூலக்கதை. ராயோ அவர்களைச் சாகவிடவில்லை. ஆங்கில முறைப்படி காய்களை அடுக்கி மீண்டும் ஆட வைத்தார். 1856இல் அயோத்தி நாடு போரின்றியே கும்பினியார் கைப்பட்டது என்பது வரலாறு. மாய்ந்திருப்பின் அப்பிரபுக்களோடு அவர் குற்றமும் மாய்ந்ததாகிவிடும். வாழ்ந்தமையால் அது தொடர்கின்றது. அரசன் வாஜித் அலி ஷாவையும் ஆங்கிலப் பிரதிநிதி ஊற்றமையும் கதைக்குள் விரிவாகக் கொணர்ந்ததும் வரலாற்றுக் கல்வியின் பயனே. மூலத்தை மாற்றியபோதும் அவர் மூலத்துக்குப் பகைவர் ஆகவில்லை.

இவ்விரண்டு அளவைகளையும் கொண்டு, மலைநாட்டாராகிய எமக்கு நெருங்கிய ஒரு படத்தை அளந்து பார்ப்போம். பாலா 2013இல் வெளியிட்ட 'பரதேசி', மருத்துவர் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த 'ரெட் டீ' என்னும் நாவலைத் தழுவியது. இரா. முருகவேள் அந்நாவலை 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கினார். தென்னிந்தியத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றிய கதையாயினும், ஊவா மலைத் தோட்டத்தில் பிறந்த எவரும் அதனை அயலார் கதையென எண்ணார்.

படத்தின் முற்பகுதி நன்கு படித்தவரின் ஆக்கம். கங்காணியின் இனிய சொல்லுக்கு ஊரே மயங்குவதும், மலை நோக்கிய நெடுநடையும் மிகையின்றி அமைந்துள்ளன. வழியில் வீழ்ந்தவனை விட்டுவிட்டு நடக்கச் சொல்லி, அவன் மனைவியை இழுத்துச் செல்லும் காட்சியைக் காண்கையில், மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்த எம் முன்னோரை நினையாதிருத்தல் இயலாது. கூலி நாளன்று கணக்குப் பார்க்கக் கடனே எஞ்சும் காட்சி, 1921இல் ஒழிக்கப்படும்வரை எம் தோட்டங்களில் நிலவிய 'துண்டு' முறையை நினைவூட்டுகின்றது. தொழிலாளியின் கடனை ஒரு சிறு தாளில் எழுதி, அக்கடனோடு அவனையும் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய முறை அது.

பிற்பகுதியிலோ நெறியாளர் தாம் படித்ததை மறந்தார். நாவலாசிரியர் டேனியல் தோட்டங்களில் மருத்துவராய்ப் பணியாற்றியவர். தொழிலாளர் சங்கம் அமையவும் உழைத்தவர். அவர் நாவலில் வரும் மருத்துவர் தொழிலாளர் துயர்க்கு இரங்கிப் பாடுபடுபவர். திரையில் அம்மருத்துவர் ஆடிப்பாடி மதம் மாற்றும் நகைப்புக்குரியவராய்த் திரிந்துவிட்டார். தோட்டங்களில் மதமாற்றமே நிகழவில்லை என்பது என் வாதமன்று. சாட்சி சொன்னவனையே கேலிப்பொருள் ஆக்குதல் முறையன்று என்பதே என் வாதம். ராய் செய்த மாற்றம் வரலாற்றை நோக்கிச் சென்றது. இம்மாற்றம் வரலாற்றை விட்டு விலகிச் சென்றது.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. இப்படத்தைப் பார்த்த மாணவன் ஒருவன், "சேர், நம்ம ஆளுங்களும் இப்படித்தான் நடந்து வந்தாங்களா?" என்று என்னை வினவினான். ஆம் என்றேன். அடுத்து, "டொக்டர்மாரும் அப்படித்தான் இருந்தாங்களா?" என்றான். முதல் வினாவுக்கு விடையளித்த படமே இரண்டாவதில் அவனைப் பிழைபட நடத்தியது. தன் பாட்டன் வரலாற்றைப் பாடநூலில் காணாத பிள்ளைக்குத் திரையே பாடநூல். அதிலுள்ள பிழையைத் திருத்த வேறு ஏடு அவன் கையில் இல்லை.

ஏடே இல்லை என்று கூறுவதும் பொருந்தாது. சி.வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்கள் உள. பதுளை மண்ணிற் பிறந்து, தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' உளது. 1975இலேயே வி.பி. கணேசன் தோட்ட மக்கள் வாழ்வைப் பொருளாகக் கொண்டு 'புதிய காற்று' என்ற படத்தை அளித்தார். வித்து இருக்கின்றது; கற்று வளர்ப்பாரே வேண்டும். கைத்தொலைபேசியிலேயே படம் பிடிக்கவல்ல இக்காலத்து இளைஞர்க்குக் கருவி குறைவில்லை. கமராவை எடுக்குமுன் அவர்கள் இவ்வேடுகளை எடுப்பாராக. தோட்டத்துப் பழைய செக்ரோல்களையும், லயத்து முதியோர் நினைவுகளையும் வரலாறாய்க் கற்பாராக.

சிலப்பதிகாரத்தின் பதிகம் ஒரு செய்தி கூறும். கண்ணகி விண்ணேகியதை முதலிற் கண்டு வந்து உரைத்தோர் குன்றக் குறவர்; அவர் உரைத்ததைச் செவிமடுத்த பின்னரே இளங்கோவடிகள் காப்பியம் செய்தார். மலைவாழ் மக்கள் கண்டதைப் புலவன் புறக்கணித்திருப்பின் நமக்கு அக்காப்பியம் இல்லை. ஊவாக் குன்றத்தார் கண்டதும் கேட்டதும் இன்னும் உரைக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அவற்றைச் செவிமடுத்துக் கற்று, திரிக்காது திரையேற்றும் கலைஞன் இக்கல்லூரி மாணவருள் ஒருவனாய் அமைவானாயின், வகுப்பிலே படக்கதை பேசியவனைக் கடிந்துகொண்ட குற்றம் என்னை விட்டு நீங்கும்.