பேழைக்கு வெளியே நின்றவர்கள்

ஆதியாகமத்தின் ஆறாம் அதிகாரத்தில், மனிதனை அழிக்க முடிவெடுக்கும் கடவுள் அதற்குக் காரணம் வைத்திருக்கிறார்: மனித உள்ளத்தில் எழும் நினைவெல்லாம் எந்நேரமும் தீயதாகவே இருக்கிறது. வெள்ளம் வருகிறது, வடிகிறது, நோவா பலியிடுகிறார். எட்டாம் அதிகாரத்தில் அதே கடவுள், இனி ஒருபோதும் இப்படிச் செய்வதில்லை என்று தமக்குள் சொல்லிக்கொள்கிறார். அதற்கும் காரணம் உண்டு: மனித உள்ளம் சிறுவயது முதலே தீயது. அழித்ததற்கும் அழிக்காமல் விட்டதற்கும் காரணம் ஒன்றே. அவ்வளவு தண்ணீர் வந்து போன பிறகும் மனிதன் இருந்தபடியே இருக்கிறான், தீர்ப்புதான் மாறியிருக்கிறது.

ஜெர்மானிய விவிலிய அறிஞர் கெர்ஹார்ட் ஃபொன் ராட் தம் ஆதியாகம உரையில் இந்த முரணை அழுத்திச் சொன்னார். தண்டனைக்குச் சாட்டப்பட்ட குற்றமே இரக்கத்துக்கும் ஆதாரமாகிறது என்பது அவர் வாசிப்பு. இறையியலாளர்களுக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். வாசகனுக்கு இன்னொரு கேள்வி மிஞ்சுகிறது. பேழைக்கு வெளியே நின்றவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? திருந்தவோ, கடவுள் பக்கம் வரவோ அவர்களுக்கு வழி இருந்ததா? வெள்ளக் கதை பற்றிய ஆய்வு வரலாற்றையும் அதன் மறுசொல்லல்களையும் சேர்த்துப் படிக்கும்போது, தலைமுறை தலைமுறையாக எல்லோரும் இந்த ஓட்டையைத்தான் அடைக்க முயன்றிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நவீன ஆய்வு தொடங்கிய நாளைத் தேதியோடு சொல்லலாம்: 1872 டிசம்பர் 3. பணத்தாள் அச்சுக்குச் செதுக்கு வேலை பழகி, பிறகு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உடைந்த களிமண் பலகைகளை ஒட்டவைக்கும் வேலைக்கு வந்த ஜார்ஜ் ஸ்மித், லண்டனில் ஒரு கூட்டத்தில் ஆப்பெழுத்துப் பலகை ஒன்றின் மொழிபெயர்ப்பைப் படித்தார். கேட்டவர்களில் பிரதமர் கிளாட்ஸ்டனும் ஒருவர். வெள்ளம், மலைமேல் தட்டி நின்ற கப்பல், வெளியே விடப்பட்ட புறா, காகம் எல்லாம் அதில் இருந்தன. பலகை நினிவே நகரில் அசூர்பனிபால் மன்னனின் நூலகத்திலிருந்து வந்தது. இன்று கில்கமேஷ் காவியத்தின் பதினோராம் பலகை என்று அறியப்படுவது. விடுபட்ட பகுதியைத் தேடிவர ‘டெய்லி டெலிகிராஃப்’ நாளிதழ் 1000 கினி கொடுத்தது. 1873-ல் நினிவேக்குப் போன ஸ்மித் ஒரு துண்டைக் கண்டெடுத்தும் விட்டார். அது வேறொரு காவியத்தின் துண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. அவரோ 1876-ல் அலெப்போவில் 36 வயதில் இறந்துபோனார்.

கில்கமேஷ் காவியம் வெள்ளத்துக்குக் காரணம் சொல்வதில்லை. தேவர்களுக்குத் தோன்றியது, அனுப்பினார்கள். காரணம் அந்த வேறொரு காவியத்தில், அத்ரகாசிஸில் இருக்கிறது. கி.மு. 17-ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்றை ஆதாரமாகக் கொண்டு லாம்பர்ட்டும் மில்லர்டும் 1969-ல் அதை முழுமையாகப் பதிப்பித்தார்கள். கதை இப்படிப் போகிறது. கால்வாய் வெட்டிச் சலித்த சிறு தேவர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். அவர்களுக்குப் பதிலாக உழைக்க, கொல்லப்பட்ட ஒரு தேவனின் இரத்தத்தைக் களிமண்ணில் பிசைந்து மனிதனைப் படைக்கிறார்கள். 1200 ஆண்டுகூட ஆகவில்லை; மனிதர்கள் பெருகி, அவர்கள் போடும் இரைச்சலில் தேவர் தலைவன் என்லிலுக்குத் தூக்கம் கெடுகிறது. கொள்ளைநோயை அனுப்புகிறான், மழையை நிறுத்துகிறான், பஞ்சத்தை ஏவுகிறான். ஒவ்வொரு முறையும் என்கி என்ற தேவன் மனிதர்களுக்கு ரகசியமாக வழி சொல்லித் தப்பவைக்கிறான். கடைசியில்தான் வெள்ளம்.

இந்த இரைச்சல் என்ன என்பதில் அறிஞர்கள் இரு கட்சி. 1968-ல் ஜியோவன்னி பெட்டினாட்டோ, அது மனிதரின் கலகம், ஆகவே பாவம் என்று வாதிட்டார். மோரன் 1971-லும் ஆன் கில்மர் 1972-லும் அதை மறுத்தார்கள். இரைச்சல் என்பது வெறும் ஜனநெருக்கடி, அதில் குற்றம் ஏதுமில்லை என்றார்கள். நான் இரண்டாம் கட்சி. வெள்ளம் வடிந்த பிறகு தேவர்கள் செய்யும் ஏற்பாடுகளே அதற்குச் சாட்சி: சில பெண்களுக்குக் கருத்தரிக்காது, சில குழந்தைகளைப் பேய் பறித்துக்கொண்டு போகும், சில பூசாரிணிகள் பிள்ளை பெறக் கூடாது. இது நீதிபதியின் தீர்ப்பைப் போலவா இருக்கிறது? குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையின் சுற்றறிக்கை போலல்லவா இருக்கிறது.

ஆனாலும் நீதி பற்றிய கேள்வி அங்கேயே எழுந்துவிட்டது. கில்கமேஷில் வெள்ளம் முடிந்ததும், அக்காதியத்தில் ஏயா என்று பெயர் கொண்ட அதே என்கி, என்லிலை நேருக்கு நேர் கேட்கிறான்: குற்றம் செய்தவன்மேல் அவன் குற்றத்தைச் சுமத்து, எல்லோரையும் சேர்த்து ஏன் அழித்தாய்? சிங்கத்தையோ ஓநாயையோ பஞ்சத்தையோ அனுப்பித் தொகையைக் குறைத்திருக்கலாமே என்றும் சேர்த்துக்கொள்கிறான். என்லிலிடம் பதில் இல்லை. படகில் தப்பியவனுக்கு ஆசி கொடுத்துவிட்டு விஷயத்தை முடித்துக்கொள்கிறான்.

மண்ணைத் தோண்டியவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1929-ல் லெனார்ட் வூலி ‘ஊர்’ என்ற சுமேரிய நகரத்தில் கனத்த வண்டல் அடுக்கைக் கண்டு நோவாவின் வெள்ளம் என்று அறிவித்தார். மற்ற சுமேரிய நகரங்களில் கிடைத்த அடுக்குகளோ வேறு வேறு காலத்தவை. கருங்கடலுக்குள் மத்தியதரைக் கடல் சுமார் 7600 ஆண்டுகளுக்கு முன் பாய்ந்ததுதான் கதையின் மூலம் என்று ரையனும் பிட்மனும் 1990-களின் இறுதியில் முன்வைத்த கருதுகோள் இன்னும் சர்ச்சையில் இருக்கிறது. இர்விங் ஃபின்கெல் 2014-ல் வெளியிட்ட பலகை மட்டும் நம் ஆட்களுக்குச் சுவையாக இருக்கும். அதில் பேழை வட்டம்: கயிறு சுற்றிக் கட்டித் தார் பூசிய ராட்சதப் பரிசல். அதைச் சிறிய அளவில் கேரளத்தில் கட்டி நீரில் விட்டும் பார்த்தார்கள்; மிதந்தது, ஒழுகவும் செய்தது. ஆனால் வெள்ளம் வந்ததா, படகு எந்த வடிவம் என்பதெல்லாம் தெரிந்தாலும், ஏன் வந்தது என்ற கேள்வி இம்மியும் நகர்வதில்லை. அது எழுத்தில் மட்டுமே இருக்கிற கேள்வி.

எழுத்துக்குத் திரும்பினால், ஆதியாகமத்தின் வெள்ளமே ஒற்றைக் கையால் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. ஓரிடத்தில் ஒவ்வொரு உயிரிலும் ஒரு சோடி, இன்னோரிடத்தில் சுத்தமான விலங்குகளில் ஏழேழு. ஓரிடத்தில் 40 நாள், இன்னோரிடத்தில் 150 நாள். ஆதியாகமத்தில் கடவுளின் பெயர் மாறி மாறி வருவதைப் பின்தொடர்ந்து, இரு மூலங்களைப் பிரித்துப் பார்க்கும் முறையை 1753-ல் தொடங்கிவைத்தவர் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஆஸ்த்ருக். புத்தகத்தில் தம் பெயரைப் போட்டுக்கொள்ள அவருக்குத் துணிவில்லை. பிரித்துப் பார்த்தால் குற்றச்சாட்டும் இரண்டாகிறது. ஒரு மூலத்தில் குற்றம் உள்ளத்தின் தீய நினைவு. மற்றதில் பூமியை நிறைத்த வன்முறை. முதலாவதை யார் விசாரிக்க முடியும்? இரண்டாவதற்குச் சட்டம் போடலாம். திக்வா ஃப்ரைமர்-கென்ஸ்கி 1977-ல் எழுதிய கட்டுரை இங்கேதான் ஊன்றி நிற்கிறது. பாபிலோனியத் தேவர்கள் வெள்ளத்துக்குப் பின் பிறப்பைக் குறைத்தார்கள்; ஆதியாகமத்தின் கடவுளோ பெருகுங்கள் என்று ஆசி கூறிவிட்டு, மனித இரத்தத்துக்குக் கணக்குக் கேட்பேன் என்று சட்டம் தருகிறார். வெள்ளத்துக்கு முன் சட்டமே இல்லை, அதனால்தான் நிலம் இரத்தத்தால் கெட்டது என்பது அவர் வாதம். இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் ஆகச் சிறந்த விளக்கம் இது. ஆனால் அதன் மறுபக்கம் சங்கடமானது. சட்டம் பிறகுதான் வந்தது என்றால், முன்னால் மூழ்கியவர்கள் எதை மீறினார்கள்?

நோவாவும் வாய் திறப்பதில்லை. பேழை கட்டச் சொன்னதிலிருந்து வெளியே வரும்வரை ஆதியாகமத்தில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய முதல் பேச்சே மது மயக்கம் தெளிந்த பிறகு பேரனுக்கு இடும் சாபம். சோதோமுக்காகக் கடவுளோடு பேரம் பேசிய ஆபிரகாமை இவரருகே நிறுத்திப் பார்த்த ஸோஹர் போன்ற யூத நூல்கள், தன் காலத்து மக்களுக்காக மன்றாடவில்லை என்று நோவாவைக் கடிந்துகொள்கின்றன.

விவிலியத்துக்குள்ளேயே இதற்கு ஒரு மறுமொழி உண்டு: யோனாவின் புத்தகம். கொடுமைக்குப் பேர்போன நினிவேக்கு 40 நாள் கெடு. மன்னன் முதல் மாடு வரை சாக்குடுத்தி நோன்பிருக்க, கடவுள் மனம் மாறுகிறார். அழிவைக் காணலாம் என்று நகருக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த தீர்க்கதரிசிக்குத்தான் ஆத்திரம். ஸ்மித் படித்த பலகையைப் பாதுகாத்த ஊரும் இதே நினிவேதான் என்பதைக் காலத்தின் குறும்பு என்று விட்டுவிடலாம்.

பிற்காலத்தவர் நோவாவுக்கு வாய் கொடுத்தார்கள். முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், நோவா மக்களைத் திருத்தப் பார்த்து, தன்னைக் கொன்றுவிடுவார்களோ என்று பயந்து நாட்டைவிட்டே போனதாக எழுதினார். பேதுருவின் இரண்டாம் நிருபம் அவரை நீதியைப் பிரசங்கித்தவர் என்கிறது. மத்தேயுவின் இயேசு மட்டும் விதிவிலக்கு. வெள்ளத்துக்கு முந்தைய மக்களைப் பற்றி அவர் சொல்வது, உண்டார்கள், குடித்தார்கள், பெண் கொண்டார்கள், கொடுத்தார்கள் என்பதுதான். அந்தப் பட்டியலில் குற்றம் எதுவும் இல்லை, அசட்டை மட்டுமே உண்டு. ஏனோக்கின் நூலோ பழியையே மனிதரிடமிருந்து நகர்த்திவிடுகிறது: வானத்திலிருந்து இறங்கிய தூதர்கள் வாள் செய்யவும் மாந்திரீகத்துக்கும் கற்றுத்தந்து உலகைக் கெடுத்தார்களாம்.

இந்த ஓட்டையை அடைப்பதில் யூத ரபிகள்தான் வல்லவர்கள். நோவா தன் காலத்தவர்களுக்குள் நீதிமான் என்ற தொடரை வைத்துக்கொண்டு ரபி யோகனானும் ரேஷ் லாகிஷும் தல்மூதில் மோதுகிறார்கள். அந்தக் காலத்துக்குத்தான் அவர் நல்லவர், வேறு காலத்தில் சாதாரண ஆள் என்கிறார் ஒருவர். அப்படிப்பட்ட காலத்திலேயே நல்லவராக இருந்தவர் வேறு காலத்தில் இன்னும் மேலாக இருந்திருப்பார் என்கிறார் மற்றவர். ரபிகளின் விவிலிய விளக்கமான மித்ராஷ் இன்னொன்று சொல்கிறது. வெட்டிய மரத்தை வாங்கினால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்று, நோவாவை விதை போட்டு மரம் வளர்க்கச் சொன்னாராம் கடவுள். 120 ஆண்டுகள். போகிறவர் வருகிறவர் எதற்கு இது என்று கேட்க வேண்டும், அவர் பதில் சொல்ல வேண்டும், அவர்கள் யோசிக்க வேண்டும். தீமையின் இலக்கணத்தையும் அவர்களே நுட்பமாக வகுத்தார்கள். ஒருவன் கூடையில் பயறு கொண்டுவந்தால், ஆளுக்குக் கொஞ்சமாக, சல்லிக்காசும் பெறாத அளவு மட்டும் எடுத்துக்கொள்வார்களாம். கூடை காலி; ஆனால் எவன்மீதும் வழக்குப் போட முடியாது. கொலையும் காமமும் இருக்க, வெள்ளத்தின் தீர்ப்புக்கு முத்திரை விழுந்தது களவுக்காகத்தான் என்பது அவர்கள் துணிபு. மக்கள் சேர்ந்து செய்யும்போது யாருமே செய்யாததாகிவிடும் தீமையைப் பற்றி இவ்வளவு கூர்மையாக வேறெங்கும் நான் படித்ததில்லை.

நம் பக்கத்து வெள்ளங்களில் இந்த வழக்கே கிடையாது. பாகவதத்தில் மீன் வந்து விழும் கை, திராவிட மன்னன் சத்தியவிரதனுடையது. அவன் நீர் அள்ளிய கிருதமாலையை வைகை என்று மரபு சொல்லும். அங்கே வெள்ளம் ஊழிமுறைப்படி வருகிறது, யாரையும் தண்டிக்க வருவதில்லை. சீர்காழியின் தோணியப்பர் கதையும் அப்படித்தான். ஏயாவின் வாதத்துக்கு இங்கே ஈடு தேடினால் வெள்ளத்தை விட்டு நெருப்புக்குப் போக வேண்டும்: மதுரையை எரிக்க வரும் தீக்கடவுளிடம் முதியவரையும் குழந்தைகளையும் அறவோரையும் விலக்கித் தீயவரைச் சேரும்படி ஆணையிடும் கண்ணகிக்கு.

திருந்துவதா வேண்டாமா என்ற தேர்வு முழுமையான நாடகமாவது குர்ஆனில். நூஹ் நபி, அதாவது நோவா, 950 ஆண்டுகள் தம் மக்களிடையே இருக்கிறார்; இரவும் பகலும், வெளிப்படையாகவும் தனியாகவும் அழைக்கிறார்; அவர்கள் காதில் விரலை வைத்துக்கொண்டு துணியால் மூடிக்கொள்கிறார்கள். பதினோராம் அத்தியாயத்தில் அலைகள் மலைபோல எழும்போது மகன் ஒதுங்கி நிற்கிறான். எங்களோடு ஏறு என்று தந்தை கூப்பிடுகிறார். மலையேறித் தப்பிக்கொள்வேன் என்கிறான் மகன். அலை குறுக்கே வருகிறது. ஆதியாகமத்தில் மகன்கள் மூவரும் கேள்வியின்றிப் பேழைக்குள் இருந்தவர்கள். இங்கே இரத்த உறவு நுழைவுச்சீட்டு ஆவதில்லை. அவன் என் குடும்பத்தவன்தானே என்று பிற்பாடு முறையிடும் தந்தைக்குக் கிடைப்பது கண்டிப்பு. எச்சரிக்கை இருந்ததா என்ற பழைய கேள்வி இங்கே முழுதாக அடைபடுகிறது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை ஒரு தந்தையின் மனம். அந்த விலையை மறைக்காததால்தான் இந்தப் பகுதி இலக்கியமாகவும் நிற்கிறது.

அடைக்க மறுத்தவர்களும் உண்டு. 1508 வாக்கில் சிஸ்டைன் ஆலய விதானத்தில் வெள்ளத்தை வரைந்த மைக்கேலாஞ்சலோ பேழையைப் பின்னால் தள்ளிவிட்டு, முன்னால் மூழ்கப்போகிறவர்களை நிறுத்தினார். அவர்கள் பிள்ளையைத் தூக்கியிருக்கிறார்கள், மனைவியைச் சுமக்கிறார்கள், துவண்ட இளைஞனைக் கிழவர் தாங்கிப் பிடித்திருக்கிறார். உள்ளமெல்லாம் தீமை என்ற குற்றப்பத்திரிகையோடு இந்தக் காட்சியை ஒத்துப்பார்க்க முடியவில்லை. 1945-ல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த காப்டிக் ஏடுகளில் ஒன்று இன்னும் ஒரு படி போகிறது. அங்கே வெள்ளத்தை அனுப்புபவர்கள் உலகை ஆளும் பொறாமைக்கார அதிகாரிகள்; குற்றவாளி நீதிபதியின் இருக்கையில் இருக்கிறான். நோரேயா என்ற பெண் பேழையில் ஏற வருகிறாள். நோவா இடம் தர மறுக்கிறார். அவள் ஊதியதும் பேழை எரிந்துபோகிறது. அவர் மறுபடியும் முதலிலிருந்து கட்ட வேண்டியதாகிறது.