ஒரு வருஷம் தள்ளுபடி

ஆடி மாதம் துணிக்கடைகளுக்கு மட்டும் சொந்தமில்லை. காலேஜ் அட்மிஷனும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் சூடு பிடிக்கிறது. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று எந்தக் கல்லூரியும் வாசலில் போர்டு மாட்டுவதில்லை. ஆனால் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப் படிப்பின் விளம்பரத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பி.ஏ. அரசியல் அறிவியல் ஒன்று, எல்.எல்.பி. ஒன்று. தனித்தனியாக வாங்கினால் மூன்றும் மூன்றும் ஆறு வருஷம். சேர்த்து வாங்கினால் அஞ்சு. ஒரு வருஷம் தள்ளுபடி!

நான் பி.காம். படித்தவன். தள்ளுபடி என்றாலே, அது யார் பாக்கெட்டிலிருந்து போகிறது என்றுதான் முதலில் பார்க்கத் தோன்றும். எந்த முதலாளியும் சொந்தக் காசைப் போட்டு விலையைக் குறைப்பதில்லை. துணியில் எங்கேயோ நூல் குறைந்திருக்கும். இந்தத் துணியில் எங்கே குறைந்திருக்கிறது?

அதற்கு முன் கொஞ்சம் சரித்திரம். வழக்கறிஞர்கள் சட்டம் 1961-ல் வந்தது. வக்கீலாக என்ன படிக்க வேண்டும் என்று விதி போடும் அதிகாரம் இந்திய பார் கவுன்சிலுக்கு. ஏதாவது ஒரு பட்டம் வாங்கு, பிறகு லா காலேஜுக்கு வா என்பதுதான் ஏற்பாடு. அந்தக் கால லா காலேஜ் எப்படி இருந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், சிரிப்பார்கள். உத்தியோகம் கிடைக்கும்வரை ஒதுங்க ஒரு இடம், ஹாஸ்டல் ரூமை விட மனசில்லாதவர்களுக்கு இன்னும் மூன்று வருஷம் என்பார்கள். உண்மையாகவே சட்டம் படிக்க வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குத்தான் கஷ்டம்.

1980-களில் பார் கவுன்சில் யோசித்தது. டாக்டர், இன்ஜினீயர் மாதிரி பிளஸ் டூ முடித்த கையோடு வந்தால்தானே இந்தத் தொழிலையும் ஆசைப்பட்டு வந்து படிப்பார்கள்? அந்த யோசனைக்கு உருவம் கொடுத்தது பெங்களூரின் தேசியச் சட்டப் பள்ளி. 1988-ல் முதல் வகுப்பு தொடங்கியது. முதல் இயக்குநர் கேரளக்காரரான என்.ஆர். மாதவ மேனன். 2019-ல் மறைந்தார். வேறு இடம் கிடைக்காதவர்கள் வந்து சேரும் படிப்பை, போட்டி போட்டு இடம் பிடிக்கும் படிப்பாக மாற்றியதில் அவர் பங்கு பெரியது. 2008-ல் 'கிளாட்' பொது நுழைவுத் தேர்வு வந்தபோது அதில் சேர்ந்தவை ஏழு தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள். இன்று திருச்சியில் இருப்பதையும் சேர்த்து இருபதுக்கு மேல். இதையெல்லாம் குறை சொல்ல முடியாது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. 'ஒருங்கிணைந்த' என்ற வார்த்தையில்.

சட்டத்தையும் சமூக அறிவியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று இன்னொன்றுக்கு வெளிச்சம் போடும் என்பதுதான் அடிப்படை எண்ணம். அருமையான எண்ணம். நடப்பது என்ன? பல கல்லூரிகளின் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். அரசியல் அறிவியல் ஒன்று, இரண்டு, மூன்று என்று முதல் இரண்டு, இரண்டரை வருஷத்துக்குள் வரிசையாக வந்து, ஓடிப் போய்விடுகிறது. அரசியல் அமைப்புச் சட்டம், நிர்வாகச் சட்டம் என்று பசங்கள் உள்ளே இறங்கும்போது, அரசியல் அறிவியல் பழைய நோட்டுப் புத்தகமாகப் பரணில் ஏறியிருக்கும். கல்யாணச் சாப்பாட்டில் இலையின் ஓரத்தில் உப்பு வைப்பார்களே, அந்த மரியாதைதான் அதற்கு. இரண்டு பாடங்கள் ஒரே பஸ்ஸில் போகின்றன. ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

'பேசிக்கொண்டால் என்ன ஆகிவிடும்?' என்று கேட்பீர்கள். நம் ஊர் உதாரணமே இருக்கிறது.

1991 ஜனவரி 30. தமிழ்நாட்டில் கருணாநிதி ஆட்சி 356-வது பிரிவின்படி கலைக்கப்பட்டது. வழக்கமாக, மாநிலத்தில் ஆட்சி நடத்த முடியவில்லை என்று ஆளுநர் அறிக்கை அனுப்புவார். அப்போது ஆளுநராக இருந்த பர்னாலா அனுப்ப மறுத்தார். ஆனாலும் ஆட்சி போனது. எப்படி? அந்தப் பிரிவிலேயே வழி இருக்கிறது. ஆளுநரின் அறிக்கையைப் பார்த்தோ, 'அல்லது வேறு வகையிலோ' ஜனாதிபதி முடிவுக்கு வரலாம். அந்த 'அல்லது'தான் வேலை செய்தது.

சட்டம் படிக்கிற பையன் இந்த வார்த்தைகளைப் படிப்பான். 1994-ல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொடுத்த தீர்ப்பையும் படிப்பான். ஆட்சிக் கலைப்பை நீதிமன்றம் ஆராயலாம், பெரும்பான்மையைச் சட்டசபையில்தான் நிரூபிக்க வேண்டும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கிவிடுவான். ஆனால் 1991-ல் டெல்லியில் சந்திரசேகர் அரசு யார் தோளில் நின்றுகொண்டிருந்தது? வெளியிலிருந்து ஆதரவு கொடுத்த காங்கிரஸின் தோளில். அந்தக் காங்கிரஸுக்குத் தமிழ்நாட்டில் கூட்டாளி யார்? அ.தி.மு.க. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் 'அல்லது' என்ற வார்த்தைக்கு எவ்வளவு பலம் என்று தெரியும். இது அரசியல் அறிவியல். பொம்மை தீர்ப்பு எந்த வியாதிக்கு மருந்து என்று தெரியாமல் மருந்தின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்கிறவரை நாளைக்கு வக்கீல் என்கிறோம். நாளை மறுநாள் நீதிபதி.

தமிழ்நாட்டுச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு டாக்டர் அம்பேத்கர் பெயர் வைத்திருக்கிறோம். அவர் பொருளாதாரமும் அரசியல் அறிவியலும் படித்து பி.ஏ. முடித்தது 1912-ல். பிறகு நியூயார்க், லண்டன் என்று வருஷக்கணக்கில் படித்து, பாரிஸ்டர் ஆனபோது ஏறக்குறைய பத்து வருஷம் ஓடியிருந்தது. எல்லோரும் அப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அது யாராலும் முடியாது. ஆனால் அரசியல் சட்ட வரைவுக் குழுவில் அவருடைய பாரிஸ்டர் பட்டம் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை, பி.ஏ.வும் உட்கார்ந்திருந்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். பெற்றோர்கள் கவனிக்க வேண்டும்.

பார் கவுன்சிலின் 2008-ஆம் வருஷத்துச் சட்டக் கல்வி விதிகளில் 13-வது விதி என்று ஒன்று. ஒருங்கிணைந்த படிப்பில் நடுவில் வந்து ஏற முடியாது, நடுவில் பட்டத்தோடு இறங்கவும் முடியாது என்கிறது. பாயிண்ட் டு பாயிண்ட் பஸ் மாதிரி. சென்னையில் ஏறினால் திருச்சியில்தான் கதவு திறக்கும். விழுப்புரத்தில் வாந்தி வந்தால் அது உங்கள் பாடு.

பதினேழு வயசில் ஒரு பெண் சேருகிறாள். மூன்று வருஷம் படிக்கிறாள். சட்டம் தனக்கு ஒத்து வராது, பத்திரிகையோ டீச்சர் வேலையோதான் சரி என்று புரிகிறது. தப்பில்லை. அந்த வயசில் புரிவதே பெரிய விஷயம். அதே மூன்று வருஷம் சாதாரணக் கல்லூரியில் அரசியல் அறிவியல் படித்த அவளுடைய தோழி பி.ஏ. பட்டத்தோடு வெளியே வருகிறாள். இவள் கையில் மார்க் ஷீட் மட்டும். மறுபடி முதலிலிருந்து தொடங்கணும், இல்லாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இரண்டு வருஷம். வீட்டில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். 'கட்டின ஃபீஸ் என்ன ஆகிறது?'

அவசரத்துக்குப் பேர் போன அமெரிக்காவிலும் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. அங்கே நாலு வருஷம் பட்டம், பிறகு மூன்று வருஷம் சட்டம், மொத்தம் ஏழு. சில பல்கலைக்கழகங்களில் இதை மூன்றும் மூன்றுமாகச் சுருக்கி ஆறு ஆக்குகிறார்கள். அங்கேயும் ஒரு வருஷம் தள்ளுபடிதான். ஆனால் இளங்கலைப் படிப்பில் குறைந்தது முக்கால் பங்கை முடித்தால்தான் லா ஸ்கூல் உள்ளே விடும். சட்டத்தின் முதல் வருஷம், பட்டத்தின் நாலாவது வருஷமாகவும் கணக்கில் சேரும். அந்த வருஷத்தோடு போதும் என்று தோன்றினால் பட்டத்தை வாங்கிக்கொண்டு கிளம்பலாம். பஸ்ஸுக்கு நடுவில் ஒரு ஸ்டாப்பிங் இருக்கிறது. நம் நாட்டில் 2020 தேசியக் கல்விக் கொள்கை மற்ற படிப்புகளுக்கு நடுவில் இறங்கும் வசதி வேண்டும் என்று பேசியது. சட்டப் படிப்பில் கதவு சாத்தியே இருக்கிறது.

எதிர்த் தரப்பு வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கு ஒரு வருஷம் என்பது சின்ன விஷயமில்லை. ஒரு வருஷ மெஸ் பில், ஒரு வருஷச் சம்பளம், வட்டிக்கு வாங்கிய கடன். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வருஷத்துக்கு இரண்டு, மூன்று லட்சம் ஆகிறது. அங்கே ஒரு வருஷம் மிச்சமென்றால் நிஜமாகவே மிச்சம்தான். 2024 ஏப்ரலில், பிளஸ் டூ முடித்ததும் மூன்றே வருஷத்தில் எல்.எல்.பி. கொடுக்க வேண்டும் என்று கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த மனுவுக்குப் பின்னாலும் இந்தச் செலவுக் கணக்கு இருந்தது. நியாயமான கணக்குதான்.

ஆனால் தொழில் அந்த அவசரத்தை மதிக்கிறதா? 2025 மே மாதம் அதே உச்ச நீதிமன்றம், கீழ்நிலை நீதிபதி வேலைக்குச் சேர மூன்று வருஷ வக்கீல் அனுபவம் கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. 2002-ல் எடுத்துவிட்ட நிபந்தனை திரும்பி வந்தது. படித்து முடித்தவர்களுக்கு உலகம் தெரியவில்லை, கொஞ்சம் பொறுத்து வரட்டும் என்பதுதான் அதன் சாரம். படிப்பில் ஒரு வருஷத்தை மிச்சம் பிடித்தவர்கள், படித்த பிறகு மூன்று வருஷம் காத்திருக்கணும்.

அதனால் ஐந்தாண்டுப் படிப்பை மூடு என்று நான் கோஷம் போடவில்லை. இரண்டே கோரிக்கைகள். மூன்று வருஷம் ஒழுங்காகப் படித்தவர் இறங்க நினைத்தால் பி.ஏ.வைக் கொடுத்து அனுப்புங்கள். அரசியல் அறிவியலை முதல் வருஷத்தில் தீர்த்துக் கட்டாமல், அஞ்சாவது வருஷம் வரை அரசியல் சட்ட வகுப்போடு சேர்த்து நடத்துங்கள். இரண்டுக்கும் புதுக் கட்டடம் தேவையில்லை. ஒரு விதியைத் திருத்தணும், ஒரு டைம்டேபிளை மாற்றணும்.

அதுவரை, அட்மிஷன் கவுன்டரில் நிற்கும் அப்பா அம்மாக்களே, மூன்று கேள்வி கேளுங்கள். அரசியல் அறிவியலுக்கு நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? நாலாவது வருஷத்தில் அந்தப் பாடம் இருக்கிறதா? பிள்ளைக்குப் பிடிக்காமல் போனால் கையில் என்ன இருக்கும்? முந்நூறு ரூபாய் வேட்டியைக்கூட விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தானே பில் போடச் சொல்கிறீர்கள்?