சுமக்கும் சிங்கம், பாயும் யாளி

காஞ்சிபுரம் வருகிறவர்கள் காமாட்சியைத் தரிசிக்கிறார்கள், வரதர் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொடுகிறார்கள், காந்தி ரோட்டில் பட்டு எடுக்கிறார்கள், பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிடுகிறார்கள். தூணுக்குத் தூண் நிற்கும் மிருகங்களை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. இத்தனைக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ‘தி விட்சர்’ விளையாடிவிட்டு, ஸ்லாவியக் கதைகளில் காட்டைக் காக்கும் லெஷியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். பேசட்டும், நல்லதுதான். லெஷியைப் பிடித்துப்போனவர்களுக்கு, பல மிருகம் ஒரே உடம்பில் கூடிய யாளியைப் பிடிக்காமல் போகுமா? கிட்டே கூட்டிப்போய்க் காட்ட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பாலபாடத்தைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். கூரை விளிம்பாக வளைந்து இறங்குவது கபோதம். அதற்குக் கீழே தொந்தியும் சிரிப்புமாக வரிசைகட்டும் குள்ளர்கள் பூதகணங்கள்; அந்த வரிசைக்குப் பூதவரி என்று பெயர். தோரணத்தின் இரு முனையிலும் வாய் பிளந்திருப்பது மகரம். உச்சியில் முகம் மட்டும் இருந்தால் கீர்த்திமுகம். இது போதும், வாருங்கள்.

முதலில் கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராஜசிம்மன் எழுப்பியது. தூணின் அடியில் பின்னங்காலில் எழுந்து நிற்கிறதே, அதைத்தான் வழிகாட்டிகள் யாளி என்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். மூக்கைப் பாருங்கள்: சப்பையாக, பூனை இனத்து மூக்கு. இது சிங்கம். மாமல்லபுரத்து ரதங்களில் தூணடியில் உட்கார்ந்திருந்த சிங்கம், இராஜசிம்மன் காலத்தில் எழுந்து நின்றது. ராஜாவின் பெயரிலேயே சிங்கம் இருக்கிறது. கல்லில் அவன் போட்ட கையெழுத்து என்றே இதை நான் படிக்கிறேன். எழுந்து நின்றாலும் அதன் வேலை சுமப்பதுதான். முதுகு தூணோடு ஒட்டியிருக்கிறது, பாரம் முழுதும் அதன் மேல் இறங்குகிறது. முகத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மணற்கல் கரைந்துபோய், பிற்காலத்துச் சுதை பூசிய முகங்கள் நிறைய உண்டு. சுதை உதிர்ந்து பழைய உளி வேலை வெளியே தெரியும் இடமாகத் தேடிப் பிடியுங்கள்.

அங்கிருந்து நேரே சின்ன காஞ்சிபுரம், வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபம். விஜயநகர காலம், கருங்கல். எண்ணினால் தூண்கள் 96தான் வரும். இங்கே மிருகம் தூணைச் சுமக்கவில்லை. தூணை விட்டுப் பாய்கிறது! பிதுங்கிய கண், கோரைப்பல், முதுகில் வீரன். யாளியில் சிம்ம முகம் உண்டு, தும்பிக்கை நீளும் யானை முகமும் உண்டு. ஆனால் எதுவும் ஒரு மிருகத்துக்குள் அடங்காது. ஒரே உடம்பில் நாலு மிருகம் கூடியும் தையல் எங்கேயென்று தெரியாதபடி சிற்பி செதுக்கியிருக்கிறான். அந்த இணைப்பைத்தான் கண் தேட வேண்டும். ஒரு மிருகம் முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்று விரலால் காற்றில் கோடு போட்டுப் பாருங்கள்.

‘பல்லவரோடு கலை முடிந்தது, விஜயநகரம் வெறும் ஆடம்பரம்’ என்று எழுதும் விமர்சகர்கள் இந்த மண்டபத்தில் கால்மணி நேரம்கூட நின்றிருக்கமாட்டார்கள். அவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். யாளி நிஜமாகவே வாழ்ந்த மிருகம், டைனோசரின் பங்காளி என்று வீடியோ போடுகிறார்களே, அது சிற்பிக்குச் செய்யும் அவமானம். கண்ணால் காணாததைக் கல்லில் நம்பவைத்த மூளையைப் பிடுங்கிக்கொண்டு எலும்புக்கூடு தேடுகிறார்கள்.

உங்களிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். இத்தனை யாளி பேசினாலும் என் மனசு இருதலைப்பட்சியிடம்தான். ஓர் உடல், இரண்டு கழுத்து, எதிரெதிர்த் திசை பார்க்கும் இரண்டு அலகு. அதைப் பார்க்கக் கோயிலை விட்டுப் பிள்ளையார்பாளையத்துத் தறிக்கு வரவேண்டும். யாளி, அன்னம், மயில் எல்லாம் ஜரிகையில் கரையேறும் இடம் அது. டிசைனை முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவதால், வளைவே இல்லாமல் எல்லாம் படிப்படியாக இறங்கும். கல்லில் வழிந்தோடும் கழுத்து பட்டில் படிக்கட்டாகிவிடும். அதைக் குறை என்பவருக்குத் தறி தெரியாது. அந்தப் படிக்கட்டிலும் பறவை கழுத்தைத் திருப்புகிறதே, கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது.

கடையில் ஜரிகை எத்தனை கிராம் என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். நீங்கள் கரையை விரித்து ஒரு பட்சியைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு கழுத்தும் பிரியும் இடத்தில் இடைவெளி சுத்தமாக இருக்கிறதா, அலகும் கண்ணும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். கழுத்து ஒன்றோடொன்று குழம்பியிருந்தால் அந்தப் புடவையை மடித்துக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள்.