பலகணியில் தோன்றிய பேரரசர்
மொகலாய அவைச் சடங்குகள் பற்றிய ஒரு மதிப்பீடு

மொகலாயப் பேரரசர் வரலாற்றை எழுதப் புகுவோருட் பலர் அக்பரை ஒருபுறத்தும் ஔரங்கசீப்பை மறுபுறத்தும் நிறுத்தி, முன்னவர் சமயப்பொறை உடையவர், பின்னவர் அஃது இல்லாதவர் எனத் தீர்ப்புக் கூறி அமைவர். பல்லாண்டுகளாக மாணவர்க்கு இவ்வரலாற்றைக் கற்பித்துவரும் யானும் இத்தீர்ப்பைக் கரும்பலகையில் எழுதியதுண்டு. அது முற்றும் பொய்யன்று, ஆயினும் போதியதுமன்று. அரசவைச் சடங்குகளைச் சற்று நுணுகி நோக்குவோமாயின் இவ்வுண்மை தெளிவாகும்.

அச்சடங்குகளுள் தலையாயது ‘ஜரோக்கா தர்சனம்’. கோட்டையின் புறச்சுவரிலே அமைந்த பலகணி ஒன்றில், ஞாயிறு தோன்றியபின் பேரரசர் வந்து தோன்றுவார். கீழே திரண்டிருக்கும் மக்கள் அவரைக் கண்டு வணங்குவர். குறையுடையோர் முறையிடுவதற்கும் அஃது இடமாயிருந்தது. ‘தர்சனம்’ என்ற சொல் கோயில் வழிபாட்டுக்குரியது என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. இஸ்லாமியப் பேரரசர் ஒருவர் இச்சொல்லையும் இவ்வழக்கத்தையும் தம் ஆட்சியின் நடுவிலே வைத்தமை வியத்தற்குரியது. அவர் திருமுகத்தைக் காணாது காலையில் உணவு கொள்வதில்லை என நோன்பு பூண்டோரும் இருந்தனர்.

இக்காட்சியைப் பற்றி நமக்கு இரு சாட்சிகள் உளர். ஒருவர் அபுல் பஸ்ல், மற்றவர் பதாயூனி. இருவரும் 1574ஆம் ஆண்டிலே அக்பரின் அவையை அடைந்தவர்கள். அபுல் பஸ்ல் அரசன் ஆணைப்படி எழுதியவர். அரசுரிமை என்பது இறைவனிடமிருந்து நேரே வரும் ஒளி என்பது அவர் கொள்கை. பதாயூனியோ மறைவாக எழுதினார். அவர் நூல் ஜகாங்கீர் காலத்திலேதான் வெளிப்பட்டது. அரசன் முன்னிலையில் நெற்றி நிலத்திற்பட விழுந்து வணங்கும் ‘சிஜ்தா’, இறைவனுக்கன்றி வேறெவர்க்கும் உரியதன்று என்பது மார்க்க அறிஞர் பலரின் கருத்து. பதாயூனியும் அக்கருத்தினரே.

இவ்விரு நூல்களையும் திறனாயுமிடத்து இரண்டிலும் குறை தோன்றுகின்றது. அபுல் பஸ்ல் ஒளியைப் பேசுகின்றாரேயன்றி, அவ்வொளி அரசனுக்கு ஏன் தேவைப்பட்டது என்பதைப் பேசுகின்றாரல்லர். பதாயூனி எல்லாவற்றையும் மார்க்கத்தின் வீழ்ச்சியாகவே காண்கின்றார். உடன் வந்தவர் உயர்ந்துவிடத் தாம் பின்தங்கிய மனக்கசப்பு அவர் எழுத்திலே தெரிகின்றது. ஆயினும், பொது அவையிலே சிஜ்தா செய்வதை அக்பர் தடுத்து, அணுக்கரான சிலர்க்கு மாத்திரம் தனியவையில் அனுமதித்தார் என்ற செய்தியை அபுல் பஸ்லே தருகின்றார். 1579இல் மார்க்க அறிஞரின் கையொப்பத்தோடு, அவர்தம் கருத்துகள் முரண்படுமிடத்து ஒன்றைத் தெரிந்தெடுக்கும் உரிமையைப் பெற்ற அரசரும், குடிகளின் முணுமுணுப்புக்கு இடங்கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே சடங்கு என்பது ஆள்வோன் தன் விருப்பம்போல் வகுப்பதொன்றன்று. காண்போரின் உடன்பாடும் அதற்கு வேண்டும்.

துலாபாரத்தையும் இவ்வாறே நோக்குதல் தகும். சோழ மன்னரும் செய்த இத்தானத்தை மொகலாயரும் மேற்கொண்டனர். ஞாயிற்றாண்டு, திங்களாண்டு ஆகிய இரு கணக்கின்படியும் வரும் பிறந்தநாள்களில், ஆண்டுக்கு இருமுறை பேரரசர் தராசில் அமர்ந்து பொன் முதலிய பொருள்களுக்கு எதிரே நிறுக்கப்படுவார். அப்பொருள்கள் வறியோர்க்கு வழங்கப்படும். 1617இல் ஜகாங்கீர் இவ்வாறு நிறுக்கப்பட்டதைக் கண்ட ஆங்கிலத் தூதர் சேர் தோமஸ் றோ, செல்வம் பைகளினுள் இருந்தமையால் அவை கூழாங்கற்களாகவும் இருக்கலாம் என ஐயுற்றார். வணிகர் சார்பிலே வந்த தூதர்க்கு இயல்பான ஐயந்தான்! எனினும் அவர் பையை நோக்கினாரேயன்றித் தராசை நோக்கினாரல்லர். பேரரசனே தட்டில் ஏறி அமரவேண்டும் என்பதன்றோ அச்சடங்கின் பொருள்?

சடங்கு குடிகளை மாத்திரமன்றி அரசனையும் கட்டுகின்றது என்பதற்கு 1657ஆம் ஆண்டு நிகழ்ச்சி தக்க சான்றாகும். அவ்வாண்டு செப்டெம்பரில் ஷாஜகான் நோயுற்றார். சில நாள்கள் அவர் பலகணியில் தோன்றவில்லை. பேரரசர் இறந்தார் என்ற வதந்தி எங்கும் பரவிற்று. பின்னர் அவர் ஒருவாறு தேறி மக்களுக்குக் காட்சியளித்தும் பயனில்லை. மைந்தர் நால்வரிடையே அரசுரிமைப் போர் மூண்டது. அந்தப் பலகணியை வெறும் அலங்காரம் எனக் கருதுவோர் இதனைச் சிந்திப்பாராக.

அப்போரில் வென்ற ஔரங்கசீப், தம் ஆட்சியின் முதற் பத்தாண்டுகளில் ஜரோக்கா வழக்கத்தைக் கைவிட்டாரல்லர். பதினோராம் ஆட்சியாண்டிலேதான், 1668 அளவில், மனிதரை வழிபடுவதற்கு ஒப்பானதென அதனை நிறுத்தினார். இதனைக் குருட்டுப் பிடிவாதம் எனத் தள்ளிவிடுதல் முறையன்று. சிஜ்தாவை முன்னரே ஒழித்தவர் அவர் தந்தை ஷாஜகான். தந்தை தொடங்கியதை மைந்தர் முடிவுவரை கொண்டுசென்றார் எனலாம். மேலும், 1966இல் வெளிவந்த அத்தர் அலியின் ஆராய்ச்சிப்படி, அக்பர் காலத்து உயரலுவலருள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினராயிருந்த இந்துக்கள், ஔரங்கசீப்பின் பிற்பகுதி ஆட்சியிலே ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராய் இருந்தனர். இச்செய்தி நம் பழைய தீர்ப்போடு எளிதிற் பொருந்துவதன்று.

அங்ஙனமாயின் அவர் இழந்தது யாது? 1679இல் முஸ்லிம் அல்லாதார் மீது ஜிஸியா வரி மீண்டும் விதிக்கப்பட்டபோது, தில்லி இந்துக்கள் பெருந்திரளாக ஆற்றங்கரைப் பக்கத்தில் அரண்மனைப் பலகணியின் கீழ்க் கூடி முறையிட்டனர் என வரலாற்றாசிரியர் காபிகான் கூறுகின்றார். தர்சனம் நின்று பத்தாண்டுகள் கடந்தும், மக்கள் தேடி வந்தது அந்த இடத்தையே. அரசர் செவிசாய்க்கவில்லை. பின்னர், தொழுகைக்குச் செல்லும் வழியிலே திரண்டு நின்றவர்மீது யானைகள் செலுத்தப்பட்டன. சமய நெறிக்கு மாறான சடங்கை நீக்கியவர், அச்சடங்கினுள்ளே பொதிந்திருந்த முறைகேட்கும் கடமையையும் உடன் நீக்கிவிட்டார். குற்றம் அவர் பற்றிய நெறியில் இருந்ததன்று. நீக்கியதன் இடத்தில் வேறொன்றை வையாமையில் இருந்தது.

அப்பலகணியின் கதை அத்தோடு முடியவில்லை. 1857 மே மாதத்திலே மீரட்டிலிருந்து கிளர்ந்தெழுந்து வந்த சிப்பாய்கள், முதிய பகதூர்ஷாவை அழைத்து நின்றதும் செங்கோட்டைப் பலகணியின் கீழேயாம். 1911 டிசெம்பரில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் அரசியும் முடியணிந்து, அதே கோட்டைப் பலகணியில் அமர்ந்து மக்களுக்குக் காட்சியளித்தனர். அந்நியரும் சடங்கின் வலியை அறிந்திருந்தனர். ஆயினும் அவர்கள் காட்சியளித்துவிட்டுக் கப்பலேறினர். நாடோறும் வந்து நிற்கும் கடமை அவர்களுக்கு இருக்கவில்லை.

ஆதலின், ஓர் அரசன் எந்தச் சமயத்தைப் போற்றினான், எதனை வெறுத்தான் என்று மாத்திரம் வினவுதல் போதாது. அவன் ஏற்ற சடங்கு அவனை எவ்வளவு கட்டியது, அதன்வழி எளியோன் குரல் அவன் செவிக்கு எட்டியதா என்றும் வினவுதல் வேண்டும். கரும்பலகையில் யான் எழுதிவந்த தீர்ப்பைத் திருத்தி எழுதுவதற்கு இவ்விரு வினாக்களே துணைசெய்வன.