ஒரே வாய்க்கு இரண்டு வேலை

ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கிறது செங்கம். சங்க காலத்துச் செங்கண்மா. அங்கே ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டுதான் மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடிய இந்த 583 அடிப் பாட்டு அரசனைப் புகழ்ந்து தொடங்கவில்லை, வாத்தியங்களை அடுக்கித் தொடங்குகிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என எல்லாவற்றையும் பையில் கட்டித் தூக்கிக்கொண்டு கூட்டம் மலையேறுகிறது. காய்த்துத் தொங்கும் பலாவைப் போல இருந்தனவாம் அந்தப் பைகள். ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு சேயாறு என்ற பெயரில் அந்தப் பாட்டிலும் ஓடுகிறது.

சங்கப் பாட்டில் வரும் பாணனுக்கு யாழும் தன் கையில், பாட்டும் தன் தொண்டையில். வாய்ப்பாட்டு ஒருவருக்கு, பக்கவாத்தியம் மற்றவருக்கு என்று மேடை பிரிந்தது பிற்காலத்தில். சினிமா வந்து, பாடும் குரல் ஒருவருடையது, அசையும் உதடு இன்னொருவருடையது என்று மேலும் ஒரு வெட்டு வெட்டியது. அந்த வெட்டுக்கு அடங்காத ஒரு கலைஞனைப் பற்றியே இங்கே பேச்சு. தானே பாடி, அடிகளுக்கு நடுவே தானே மவுத் ஆர்கன் ஊதும் ராக் பாடகன். மேற்கில் அவன் பரம்பரை நீளமானது. நம்மிடம் அவன் அபூர்வம். ஊதத் தெரிந்தவர்கள் இங்கே இல்லாததால் அல்ல என்பது என் எண்ணம்.

கிதார்காரர் பாடிக்கொண்டே மீட்டலாம், பியானோக்காரரும் அப்படியே. மவுத் ஆர்கன் மட்டும் குரல் உட்காரும் இடத்திலேயே வந்து உட்காருகிறது. இதை எல்லோருக்கும் புரியவைத்த பதிவு 1962 அக்டோபரில் வெளியான பீட்டில்ஸின் ‘லவ் மீ டூ’. அதில் மவுத் ஆர்கன் ஊதியவர் ஜான் லெனன். பல்லவியின் கடைசிச் சொல் முடியும் இடத்திலேயே ஊதல் தொடங்கவேண்டியிருந்தது. ஒரே வாயால் இரண்டும் ஆகாது என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அந்த வரியை பால் மெக்கார்ட்னியிடம் கொடுத்துவிட்டார். தனியாக அந்த வரியைப் பாடும்போது தன் குரல் நடுங்கியதைப் பின்னாளில் மெக்கார்ட்னியே சொல்லியிருக்கிறார். பாப் டிலன் கழுத்தில் கம்பிச் சட்டம் மாட்டிக் கையை விடுவித்துக்கொண்டார். கைக்குத்தான் அதில் விடுதலை. வாய் பழையபடி ஒன்றுதான். ஆகவே அவர் பாட்டில் ஊதல் எப்போதும் அடி முடிந்த பிறகே வரும்.

இந்தக் குறையையே வசதியாக மாற்றிக்கொண்டவர்கள் அமெரிக்கக் கறுப்பின ப்ளூஸ் கலைஞர்கள். ஜெர்மனியின் ட்ராஸிங்கன் ஊரில் கடிகாரத் தொழிலாளியாக இருந்த மத்தியாஸ் ஹோனர் 1857-இல் தொடங்கிய தொழிற்சாலை, 1896-இல் ‘மரைன் பேண்ட்’ என்ற மாதிரியை இறக்கியது. பத்துத் துளை, இருபது உலோக ரீடு. ஊதினால் ஒரு சுரம், இழுத்தால் வேறொரு சுரம். ஐரோப்பிய நடனப் பாட்டுக்காகச் செய்த பெட்டி அது. சி சுருதிப் பெட்டியை எடுத்து ஜி சுருதியில் வாசித்தால் முக்கியமான சுரங்கள் எல்லாம் மூச்சை இழுக்கும் பக்கம் வந்துவிடுகின்றன என்று அமெரிக்கத் தெற்கில் யாரோ கண்டுபிடித்தார்கள். இழுக்கும்போது வாயின் உட்குழிவையும் நாக்கையும் மாற்றினால் சுரம் வளைந்து கீழே இறங்கும். பாடகனுக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. பாடும்போது மூச்சு வெளியே போகிறது, இப்படி வாசிக்கும்போது உள்ளே வருகிறது. ஒரு அடி பாடிக் காலியான நெஞ்சை அடுத்த ஊதல் நிரப்பிக் கொடுக்கிறது. சன்னி டெர்ரியின் பதிவுகளில் கூவல் எங்கே முடிந்தது, ரீடு எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்வது கடினம். லிட்டில் வால்டர் 1952-இல் ‘ஜூக்’ இசைத்தட்டில் மைக்கையும் பெட்டியையும் ஒரே கைப்பிடியில் பொத்தி ஆம்ப்ளிஃபயர் வழியாக ஊதியபோது, சட்டைப்பையில் கிடக்கும் சாமான் சாக்ஸபோனுக்குச் சமமாகக் கத்தியது.

இந்த வித்தையை ராக் இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் பால் பட்டர்ஃபீல்ட். 1942-இல் சிகாகோவில் ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்த வெள்ளைக்காரப் பையன். முறையாகப் புல்லாங்குழல் கற்றவர், ஓட்டப்பந்தய வீரர்; முழங்காலில் அடிபட்டு விளையாட்டு போயிற்று. இரவில் நகரின் தெற்குப் பகுதியில் இருந்த கறுப்பினக் கிளப்புகளுக்குப் போய் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் கச்சேரியைக் கேட்டார், பிறகு அங்கேயே மேடையேறினார். இன்னொரு ப்ளூஸ் பாடகரான ஹௌலின் வுல்ஃபின் குழுவிலிருந்து டிரம்ஸ் வாசித்த சாம் லேயையும் பாஸ் கிதார் வாசித்த ஜெரோம் அர்னால்டையும் தன் பக்கம் அழைத்துக்கொண்டார். கறுப்பரும் வெள்ளையரும் கலந்த அந்தக் குழுவின் முதல் ஆல்பம் 1965-இல் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் டிலன் மின்கிதாருடன் மேடையேறி ஒரு தலைமுறையைக் கலங்கடித்தபோது பின்னால் நின்றவர்களில் இந்தக் குழுவினரும் உண்டு.

பட்டர்ஃபீல்டின் குரல் பெரிய குரல் அல்ல. நாலு அடி பாடுவார். ஐந்தாவது அடியைச் சொல்லாமல் பெட்டியை வாயில் வைத்துவிடுவார், அந்த அடி ரீடில் வந்துவிடும். பாடியவனே பதிலும் சொல்லும் ஒரு உரையாடல் அது. 1966-இல் வந்த ‘ஈஸ்ட்–வெஸ்ட்’ ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு 13 நிமிடம் ஓடும், வார்த்தை கிடையாது. கிதார்காரர் மைக் ப்ளூம்ஃபீல்ட் இந்திய ராகங்களைக் கேட்ட பாதிப்பில், ஒரே ஆதார சுருதியின் மேல் கட்டப்பட்டது. சிகாகோவில் ஒரு மவுத் ஆர்கன் ராகத்தின் சாயலைத் தேடிக்கொண்டிருந்த அதே காலத்தில் பம்பாய் ஸ்டுடியோக்களில் மவுத் ஆர்கனுக்குத் தரப்பட்ட வேலை வேறு. அதற்கு வருகிறேன். பட்டர்ஃபீல்ட் 1969-இல் உட்ஸ்டாக்கில் வாசித்தார், 1976-இல் ‘தி பேண்ட்’ குழுவின் பிரிவுக் கச்சேரியிலும் வந்து ஊதிவிட்டுப் போனார். குடியும் போதையும் வயிற்று நோயும் சேர்ந்துகொள்ள, 1987 மே 4 அன்று 44 வயதில் இறந்தார். ராக் அண்ட் ரோல் மரியாதை மண்டபத்தில் அவர் குழுவின் பெயரைச் சேர்த்தது 2015-இல். தாமதம்தான். இங்கிலாந்தின் கீத் ரெல்ஃப், ‘டாக்டர் ஃபீல்குட்’ குழுவின் லீ ப்ரில்லோ போன்றோரும் இதே வழிக்காரர்கள். ப்ரில்லோவிடம் ஆவேசம் உண்டு, பட்டர்ஃபீல்டின் நிதானம் இல்லை.

இனி நம் பக்கம். ஜவ்வாது மலையிலிருந்து மேற்கே இறங்கினால் ஜோலார்பேட்டை. அரக்கோணம், பொன்மலை, போத்தனூர் போலவே ரயில்வேயும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் சேர்ந்து வளர்த்த ஊர். இத்தகைய ஊர்களின் ரயில்வே இன்ஸ்டிடியூட் நடனங்கள் வழியாகவும் மேற்கத்திய மெட்டு தமிழ்நாட்டுக்குள் பரவியது. 1970, 1971 ஆண்டுகளில் ஒரு சிகரெட் கம்பெனி நடத்திய ‘சிம்லா பீட்’ போட்டிக்கு மெட்ராஸ் குழுக்களும் போயின. அந்தப் போட்டிகளின் பாட்டுகள் இசைத்தட்டாகவும் வந்தன. ஆக, ராக் பாட ஆள் இருந்தது. மவுத் ஆர்கனும் இருந்தது. திருவிழாக் கடையில் சீனத்து 24 துளைப் பெட்டி தொங்கும். அது ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ரீடுகளைச் சற்றே விலக்கிச் சுருதி சேர்த்த வகை. சத்தம் அலையலையாக இனிமையாக வரும், சுரம் சுலபத்தில் வளையாது. சினிமா மெட்டுக்குப் பொருத்தம், ப்ளூஸுக்கு ஆகாது.

வளைவு என்றதும் ஒரு இடைக்குறிப்பு. கமகம் வராது என்ற காரணத்தைச் சொல்லி அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை வெளியே நிறுத்தியது. 1971-இல்தான் பிடியைத் தளர்த்தியது. ஆர்மோனியமும் மவுத் ஆர்கனும் ஒரே ரீடு குடும்பம். கட்டையை அழுத்தும் பெரிய பெட்டியில் வராத வளைவு, வாயில் வைக்கும் சின்னப் பெட்டியில் வருகிறது. வயலினையும் கிளாரினெட்டையும் மாண்டலினையும் சாக்ஸபோனையும் சுவீகரித்த கர்நாடக இசை இதன் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு பெட்டிக்குள் எல்லாச் சுரமும் இல்லை, சுருதி மாறினால் பெட்டியையும் மாற்றவேண்டும் என்பவை நியாயமான தடைகள். ஆனாலும் விளையாட்டுச் சாமான் என்ற ஏளனமும் இந்த ஒதுக்கலில் உண்டு என்றே நினைக்கிறேன். கல்கத்தாவின் மிலன் குப்தா அந்த ஏளனத்தை மீறி இதைத் தனி வாத்தியமாக நிறுத்தினார். ஆனால் அவர் பாடகர் அல்ல.

பாடகராகவும் மவுத் ஆர்கன்காரராகவும் இந்தியாவில் இருந்த மிகப் பெரிய பெயர் ராகுல் தேவ் பர்மன். அவர் கதையில்தான் நான் சொல்லவரும் வெட்டு துல்லியமாகத் தெரிகிறது. 1939-இல் பிறந்தவர், சின்ன வயதிலேயே மவுத் ஆர்கனில் தேர்ந்தவர். 1958-இல் அப்பா எஸ்.டி. பர்மன் இசையமைத்த ‘சோல்வா சால்’ படத்தில் தேவ் ஆனந்தின் ரயில் பாட்டுக்குப் பின்னால் கேட்பது அவருடைய ஊதல். 1964-இல் லட்சுமிகாந்த்–பியாரேலால் இசையில் ‘தோஸ்தி’ வந்தது. கால் ஊனமான ராமு மவுத் ஆர்கன் ஊதுவான், கண் தெரியாத மோகன் பாடுவான். மேற்கில் ஒரே ஆளாக இருந்தவனை இந்தி சினிமா இரண்டு அனாதைப் பையன்களாகப் பிரித்துத் தெருவில் நிறுத்தியது. அதோடு விடவில்லை. மோகனின் குரல் முகமது ரஃபியுடையது, ராமுவின் மூச்சு பர்மனுடையது. ஒரே கலைஞனின் வேலைக்கு நான்கு பேர்!

1975-இல் ‘ஷோலே’. அந்திநேரத்தில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அமிதாப் பச்சன் ஊதும் மெட்டு யாருக்குத்தான் தெரியாது? அதை ஊதியவர் ரங்கூனில் பிறந்த பானு குப்தா, பர்மன் குழுவின் கிதார்காரர். அதே படத்தில் பர்மன் தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாடிய ‘மெஹபூபா’ ராக் பாடகனின் குரல்தான். ஆனால் திரையில் உதடு அசைத்தவர் ஜலால் ஆகா. ஊதவும் பாடவும் தெரிந்த ஒரு மனிதர் இசையமைத்த படத்தில் ஊதல் இன்னொருவருக்குப் போயிற்று, அவருடைய குரல் வேறொரு முகத்துக்குப் போயிற்று. பர்மன் மேடையில் மைக் முன் நின்று நாலு அடி பாடி, ஐந்தாவதை ஊதியிருந்தால் நமக்கும் ஒரு பட்டர்ஃபீல்ட் கிடைத்திருப்பார். சினிமா அவருக்கு எல்லாவற்றையும் கொடுத்தது, அந்த ஒன்றைத் தவிர.

சினிமாவுக்கு வெளியே தேடினால்தான் முழு ஆள் அகப்படுகிறான். இந்துஸ்தானி இசைக் குடும்பத்தில் பிறந்த தில்லியின் சுஸ்மித் போஸ் கிதாரும் மவுத் ஆர்கனுமாகத் தன் ஆங்கிலப் பாட்டுகளைத் தானே பாடினார், 1978-இல் எச்.எம்.வி. அவருடைய ‘ட்ரெயின் டு கல்கத்தா’ ஆல்பத்தை வெளியிட்டது. ஷில்லாங்கின் பாடகர் லூ மஜா 1972 முதல் மே 24 தோறும் டிலனின் பிறந்தநாளைக் கச்சேரி வைத்துக் கொண்டாடி வருகிறார். கோவாவின் ரெமோ ஃபெர்னாண்டஸ் 1984-இல் வீட்டிலேயே வாத்தியங்களைத் தானே வாசித்துப் பதிவுசெய்து ‘கோவன் கிரேஸி’யைக் கொண்டுவந்தார். மூவரும் சினிமாத் தொழிற்சாலையின் முதன்மை வாசலுக்கு வெளியே கிளம்பியவர்கள். மூவரும் தொடங்கியது ஆங்கிலத்தில் என்பதையும் கவனிக்கவேண்டும்.

தமிழில் இதற்கு நெருங்கிய முன்மாதிரி சென்னையில் இல்லை, யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. ஈழத்துப் பொப் இசை என்று அங்கே சொல்வார்கள். நித்தி கனகரத்தினம் கிதாரைத் தானே மீட்டி, தானே எழுதி, தானே பாடினார். ‘சின்ன மாமியே’ இன்றும் கல்யாண வீடுகளில் பாடப்படுகிறது. ஏ.இ. மனோகரன் இலங்கையின் பைலாத் தாளத்தைத் தமிழ் வாய்க்குப் பழக்கினார். மலேசியாவின் ‘அலிகேட்ஸ்’ குழுவை முன்நடத்திய லோகநாதனும் டேவிட் ஆறுமுகமும் பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள், பாடிப் புகழ்பெற்றது மலாயில். சிங்கப்பூரின் ‘ருத்ரா’ 1992 முதல் உபநிடதக் கருத்துகளை மெட்டலில் முழங்குகிறது. அங்கே பாடுகிற கதிர்தான் பாஸ் கிதாரும் வாசிக்கிறார். சினிமாவின் நிழல் மெலிந்த இடங்களில் தமிழ்ப் பாடகனின் கைக்கு வாத்தியம் தானாக வந்திருக்கிறது.

சென்னையில் இப்போது நிலைமை மாறுகிறது. கபேர் வாசுகி தன் பாட்டைத் தானே எழுதிப் பாடுகிறார். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்த ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றியது. எழுதியவர், பாடியவர், வாசித்தவர் எல்லோரும் பார்வையாளருக்கு நேரே நின்றார்கள். முன்னால் ஒலித்தவை பறையும் சட்டியும் கிதாரும். கானாப் பாடகனுக்கு மவுத் ஆர்கன் மிகவும் பொருந்தும் என்பது என் கணிப்பு. கானாவும் ப்ளூஸைப் போலவே சாவு வீட்டையும் தெருவையும் அறிந்தது. அதன் அடிகளும் பதில் கேட்டு நிற்பவை. அந்தப் பதிலைப் பாடகனே ஊதிவிடலாம். விலையும் பெரிதில்லை. ஆனால் 24 துளைப் பெட்டியை விட்டுவிட்டுப் பத்துத் துளைப் பெட்டியை வாங்கவேண்டும், ஊதுவதைக் குறைத்து இழுக்கப் பழகவேண்டும்.

அதுவரைக்கும் செய்யக்கூடிய சிறிய காரியம் ஒன்று உண்டு. ஏ.ஆர். ரகுமான் தன் ஆல்பங்களின் உறையில் வாத்தியக்காரர்களின் பெயரை அச்சிட்டது தமிழ்த் திரையிசையில் பெரிய மாற்றம். இப்போது உறையே இல்லை. போனில் தெரிவது பாடகர் பெயர், படத்தின் பெயர், கதாநாயகன் படம். ‘ஷோலே’யின் அந்த மெட்டை முணுமுணுப்பவர்களில் பலர், 2018 ஜனவரியில் இறந்துபோன பானு குப்தாவின் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. பாட்டை வெளியிடும் நிறுவனங்களும் சுயாதீனக் குழுக்களும் ஒவ்வொரு பாட்டின் குறிப்பிலும் மவுத் ஆர்கன் ஊதியவர் யார் என்று ஒரு வரி சேர்க்கவேண்டும்.